ஒசெல்லாவின் இரண்டு சாட்சிகள்

ஒசெல்லா ப்ரூயிட் எழுந்து நின்றால் நியூ பெத்தானியா சபையில் விசிறிகள் நின்றுவிடும். மிசிசிப்பியின் ஜூலை வெக்கையில், சவ அடக்கக் கடைக்காரர் தன் பெயரை அச்சடித்து இலவசமாகக் கொடுத்திருக்கும் அந்த அட்டை விசிறிகளை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பது லேசான காரியமல்ல. ஆனாலும் நிறுத்துவார்கள். அவள் சாட்சிக்கு அப்படி ஒரு மரியாதை.

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்து, பிரசங்கம் தொடங்கும் முன் சாட்சி நேரம். கர்த்தர் அந்த வாரம் தனக்குச் செய்ததை யாரும் எழுந்து சொல்லலாம். சிலர் இழு இழு என்று இழுப்பார்கள். சிலர் மருமகள் மேலுள்ள கோபத்தை ஸ்தோத்திரத்தோடு சேர்த்து இறக்கி வைப்பார்கள். ஒசெல்லா அந்த ரகமல்ல. கெளுத்தி மீன் ஆலையில் பாதி ஆயுளைக் கத்தியோடு நின்று கழித்தவள். முள்ளை ஒதுக்கிச் சதையை மட்டும் எடுத்து வைக்கிற கை. பேச்சும் அதே மாதிரி. கணவன் லெமுவல் இறந்த பிறகு சபை அவளுக்கு 'மதர்' பட்டம் கொடுத்து, வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக முன்வரிசையில் உட்கார வைத்தது.

சாட்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கர்த்தர் செய்ததைக் குறுக்கு விசாரணை செய்ய நீ யார்? ஆமென் சொல்லலாம், அவ்வளவுதான். ஒசெல்லா முடித்ததும் சபை மொத்தமும் ஒரே குரலில் ஆமென் சொல்லும். அது அடங்கியபின், கடைசி பெஞ்சிலிருந்து தனியாக இன்னொரு ஆமென் வரும். அவள் தங்கை வெர்னா மே.

"எல்லாரோடயும் சேந்து சொன்னா என்னடி?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒசெல்லா கேட்பாள்.

"அவங்க சொல்றதோட சேந்தா உனக்கு என் குரல் கேக்காதேக்கா. அப்புறம் நான் தூங்கிட்டேன்னு சொல்லுவே."

அக்கா தங்கை இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. தங்கைக்கு இதயத்தின் வால்வு ஒன்று சரியாகத் திறக்கவில்லை. அதை மாற்றிவிட்டால் இன்னும் பல வருடம் ஓடும் என்று ஜாக்சன் நகரத்து டாக்டர் சொல்லி, கோடை முடிவில் ஆப்பரேஷனுக்கு நாளும் குறித்திருந்தார்.

அந்த வருடம் வசந்தத்தில் டேரல் குவின் சபைக்கு வந்தான். நல்ல அடிக்குரல், பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடினான். ஆராதனை முடிந்து கூடத்தில் சாப்பாடு நடந்தபோது ஒசெல்லாதான் அவனுக்குப் பரிமாறினாள். பொரித்த மீன், சோள ரொட்டி, பன்றி எலும்போடு வெந்த கீரை. அவன் தட்டைக் காலி செய்துவிட்டு, "மதர், அந்தக் கீரை வெந்த தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்று கோப்பையை நீட்டினான்.

அங்கேதான் ஒசெல்லா விழுந்தாள். கீரைத் தண்ணியைக் கேட்டு வாங்கி, சோள ரொட்டியை அதில் நனைத்துச் சாப்பிடுகிறவன் வெளியாளாக இருக்க முடியாது. அவனை எந்த வீட்டுப் பிள்ளை என்றுகூட அவள் விசாரிக்கவில்லை.

முழங்காலைப் பார்த்து அவனே கேட்டான். வயதானவர்களுக்கு அரசாங்கத்தில் சும்மா கொடுக்கிற சாமான்கள் எத்தனையோ இருக்கின்றன, யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்றான். முதியோருக்கு அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டையை வாங்கி, அதன் எண்ணைத் தன் செல்போனில் தட்டிக்கொண்டான். அடுத்த வாரமே நீல இருக்கை வைத்த வாக்கர் ஒன்று வீட்டு வாசலில் வந்து இறங்கியது. பிரேக், கூடை, எல்லாம் உண்டு.

அந்த ஞாயிறு அதைத் தள்ளிக்கொண்டே போய் ஒசெல்லா சாட்சி சொன்னாள். "போன வாரம் இந்தப் பெஞ்சிலேருந்து எந்திரிக்க ரெண்டு பேர் வேணும். இன்னைக்குப் பாருங்க. கேக்காமலே குடுத்தார். பிரதர் குவின் கையால குடுத்தார்."

ஆமென் என்றது சபை. அன்றைக்கு மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூடத்தில் சாப்பாட்டுக்கு நிற்பதற்கு முன்பே, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு குவினைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

"சும்மா குடுக்கிறவனுக்கு அட்டை நம்பர் எதுக்குக்கா?" என்றாள் வெர்னா மே.

"உனக்கு யேசு வந்து தண்ணியைத் திராட்ச ரசமாக்கினாலும் எந்தக் கடையில வாங்கினதுன்னுதான் கேப்ப."

"கேப்பேன். நல்ல ரசமா இருந்தா மறுபடி வாங்கணுமில்ல."

ஆனால் அக்கா விடவில்லை. குவினிடம் 'மாலை ஆறுதல்' என்றொரு திட்டம் இருந்தது. நர்ஸ் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்ப்பாள், மாத்திரைகளைக் கவனித்துக்கொள்வாள். ஆப்பரேஷன் வரைக்கும் உதவியாக இருக்குமே என்று ஒசெல்லா நச்சரித்தாள். கடைசியில், "உன் வாயை மூடறதுக்காகப் போடறேன்" என்று சொல்லிவிட்டு வெர்னா மே, குவின் நீட்டிய கண்ணாடிப் பலகையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். ஒரு பெண் இரண்டொரு தடவை வந்தாள், ஒரு போர்வை கொடுத்தாள், பிறகு வரவில்லை.

ஆப்பரேஷனுக்காக ஜாக்சன் போன அன்று, சபை வேனை ஓட்டி வந்தவர் டீக்கன் ஹோசேயா. ஆஸ்பத்திரி முகப்பில் இருந்த பெண் கணினியையும் வெர்னா மேயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம், நீங்க இறுதிக்காலப் பராமரிப்புல இருக்கறதா வருது."

"எதுல?"

"குணமாக்கற வைத்தியம் இனி வேணாம், கடைசி வரைக்கும் வலி தெரியாம பாத்துக்கிட்டாப் போதும்னு நீங்க ஒத்துக்கிட்டிருக்கீங்க. அதுல இருக்கற வரைக்கும் இந்த ஆப்பரேஷனுக்குக் காப்பீடு வராது."

ஒசெல்லாவுக்கு அந்தக் கண்ணாடிப் பலகைக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. 'ஆறுதல்' என்ற சொல்லை அவர்கள் ஆயுள் முழுக்கச் சபைப் பாட்டுகளில் கேட்டிருக்கிறார்கள். நல்ல சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு கதவு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அப்படின்னா நான் சாகப்போறேன்னு எழுதிக் குடுத்துட்டேனா?" என்றாள் வெர்னா மே. பிறகு டீக்கனைப் பார்த்து, "வேனை மெதுவா ஓட்டுங்க ஹோசேயா. செத்தவளைக் குலுக்கக் கூடாது" என்றாள்.

அதிலிருந்து விலகுவதாக வெர்னா மே உடனே எழுதிக் கொடுத்தாள். ஆனால் அதை வாங்கிப் பதிந்து மேலே அனுப்ப வேண்டியது அந்த 'மாலை ஆறுதல்' கம்பெனி. அங்கே போன் அடித்துக்கொண்டே இருந்தது. முகவரியைத் தேடிப் போனால் டயர் கடைக்குப் பக்கத்தில் இழுத்துப் பூட்டிய ஒரு ஷட்டர். குவினும் அதற்குள் ஊரில் இல்லை. மாநிலத்தில் முதியோருக்கு இந்த விஷயங்களில் உதவுகிற தொண்டர் குழுவிலிருந்து லொரெய்ன் ஸ்டப்ஸ் என்ற பெண் வந்து, தினமும் அவர்களுக்காகப் போனில் மன்றாடினாள். அட்டை நம்பரை வைத்து, செய்யாத பராமரிப்புக்கெல்லாம் அந்தக் கம்பெனி அரசாங்கத்திடம் பணம் வாங்கியிருந்தது என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். பல வாரம் கழித்துத்தான் பதிவு நீங்கி, புது நாளும் கிடைத்தது.

அந்த நாள் வருவதற்கு முன், ஒரு காலை நேரம், சமையலறை மேசையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த வெர்னா மே தலையைச் சாய்த்தாள். கடைசியாக உரித்த காய் கையிலேயே இருந்தது.

அடக்கத்தில் அதே விசிறிகள். "கர்த்தருடைய நேரம், மதர்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். யாராவது ஒருத்தி முகத்துக்கு நேரே ஏசியிருந்தால்கூட ஒசெல்லா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அது கர்த்தருடைய நேரமல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அதன்பின் சாட்சி நேரத்தில் அவள் எழுவதில்லை. வாக்கரை மட்டும் விட முடியவில்லை. கொண்டுபோய்க் குப்பையில் போட இரண்டு தடவை கிளம்பினாள். குப்பைத் தொட்டி வரை நடக்கவே அது தேவைப்பட்டது. ஞாயிறுதோறும் அந்த நீல இருக்கை எல்லார் கண்ணுக்கும் முன்னால் சபைக்குள் உருண்டு வந்தது.

லொரெய்ன் ஒரு நாள் கூடத்தில் வந்து, ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பேசினாள். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில் சபைக்காரி இடெல்லா சொல்லிக்கொண்டிருந்ததை ஒசெல்லா கேட்டாள். "போன்ல ஒரு பையன், என்ன மரியாதை தெரியுமா. கன்னத்துக்குள்ள பஞ்சை ஒத்தி எடுத்துப் புற்றுநோய் வருமான்னு சொல்லிருவாங்களாம். காசே கிடையாது. அட்டை நம்பர் மட்டும்தான். நம்ம மதருக்கு வாக்கர் கிடைச்ச மாதிரி."

ஒசெல்லா தட்டை வைத்துவிட்டாள். அந்தப் பழைய சாட்சி இன்னும் கூடத்துக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, வெள்ளை உடுப்பில், வாக்கரைப் பிடித்து எழுந்தாள். விசிறிகள் நின்றன.

"இந்த வாக்கரைக் கர்த்தர் குடுத்தார்னு இங்க நின்னு சொன்னேன். அவர் குடுக்கலை. ஒரு திருடன் குடுத்தான், என் தங்கச்சி உசிரை எடுத்துக்கிட்டான். நான் நச்சரிச்சுத்தான் அவ கையெழுத்துப் போட்டா." மூச்சு வாங்கினாள். "அந்த அட்டை நம்பர் உங்க வீட்டுச் சாவி. சும்மா தரேன்னு வர்றவன், போன்ல கூப்பிடறவன், நம்மகூட உக்காந்து பாடறவன், யார் கேட்டாலும் குடுக்காதீங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க சொந்த டாக்டர்கிட்ட கேளுங்க. நம்ம பேர்ல என்னென்ன வைத்தியம் நடந்துச்சுன்னு தபால்ல வருதே, அதை நான் இழுப்பறையில திணிச்சேன். நீங்க படிங்க. நடக்காதது அதுல இருந்தா அன்னைக்கே லொரெய்னைக் கூப்பிடுங்க. கீரைத் தண்ணி குடிக்கறான்னு ஒருத்தனை நம்பாதீங்க."

ஆமென் வரவில்லை. எதற்கு ஆமென் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

நடு வரிசையில் இடெல்லா தயங்கித் தயங்கி எழுந்தாள். "மதர், எனக்கு ஒரு கேள்வி." பாஸ்டர்கூட நிமிர்ந்து பார்த்தார், அந்தச் சபையில் சாட்சிக்கு நடுவே யாரும் கேள்வி கேட்டதில்லை. "நம்பரைச் சொல்லியாச்சுன்னா என்ன செய்யறது?"

"இன்னைக்கே சாயங்காலம் வா. ரெண்டு பேருமா லொரெய்னுக்குப் போன் போடுவோம்" என்றாள் ஒசெல்லா. "கேட்டியே, நல்லது. என் தங்கச்சியும் கேட்டா. நான் வாயை அடைச்சேன்."

அப்போது யாரோ மெல்ல ஆமென் என்றார்கள். ஒவ்வொருவராக, ஒன்று சேராமல், சபை சொல்லி முடித்தது. ஒசெல்லா உட்காரவில்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, கடைசி பெஞ்சைப் பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.