எட்டா, பதினாறா

“…இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன். அன்னிக்கு நாப்பத்தி நாலு நிமிஷம்னு வந்தப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சி.”

என் மகள் கோலாலம்பூரிலிருந்து பேசினாள். நான் மலாக்கா புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு முன்னறையில், பக்க மூடியைக் கழற்றிப் போட்ட கணினிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை, மணி நாலு இருக்கும். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அடுப்படியிலிருந்த என் மனைவிக்கும் கேட்டிருக்க வேண்டும். கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

அந்த நாற்பத்து நான்கு நிமிடம்தான் என் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பியது என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அது பொய்க் கணக்கு என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் அழைத்தேன். அவள் வேறொன்றைச் சொல்கிறாள்.

கதையை முன்னாலிருந்து சொல்கிறேன். நான் சுங்கை ஊடாங்கிலிருந்து எண்ணெய் டாங்கி லோரி ஓட்டியவன். பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். படிப்பு சொற்பம். முதுகு பழுதாகி, இனி லோரியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன வருடம், வீட்டில் கிடந்தபடி வீடியோ பார்த்துப் பார்த்துக் கணினியைக் கழற்றவும் பூட்டவும் பழகினேன். என்னோடு லோரி ஓட்டிய கூட்டாளி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, ஏட்டில் ஏறாத மண்டைக்கு ஸ்க்ரூவில் ஏறும் என்றார். அவருக்கு எதற்கும் ஒரு சொல் இருக்கும். நான் அவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்கிற ஆள்.

மகளுக்கு, இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படம் காட்டும் வேலை. சுவர், ஜன்னல், ஜன்னல் வழியாக விழுகிற வெயில் எல்லாம் கணினிக்குள்ளேயே செய்வாள். எல்லாம் முடிந்ததும் ஒரு பொத்தானை அமுக்குவாள். கணினி அந்த வெயிலைக் கணக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் படமாகத் தரும். அலுவலகம் கோலாலம்பூரில். ஆனாலும் ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். முன்னறையில் அவள் மேசை, அவள் நாற்காலி. காலையில் எழுந்து வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கணினி என்னுடையது. நான் பூட்டியது. பகலில் அவளுக்கு, சனிக்கிழமை மாலையில் எனக்கு. லோரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிற ஏதோ குளிர்நாட்டு ரோட்டில் சாமான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நான் பெரிய கணினியில், அவள் தன் லேப்டாப்பில், ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு லோரியாகப் போவோம். நான் முன்னால், அவள் பின்னால். முகத்தைப் பார்த்துப் பேச வராத பேச்சு ரோட்டைப் பார்த்தால் தானாக வரும். அவள் காலேஜில் ஒரு பாடத்தில் தோற்றதும், ஒரு பையனைப் பிடித்திருந்து அப்புறம் பிடிக்காமல் போனதும் எனக்குத் தெரிந்தது அந்த ரோட்டில்தான்.

எங்கள் லோரிக்காரர் பழக்கம் ஒன்று உண்டு. ஒற்றை ரோட்டில் முன்னால் போகிறவன் இடது சிக்னல் போட்டால், எதிரே யாரும் இல்லை, முந்திப் போ என்று அர்த்தம். வலது போட்டால், பொறு. விளையாட்டிலும் நான் இடது போடுவேன். அவள் முந்த மாட்டாள். ஏம்மா என்றால், முந்திப் போனால் யாரைப் பார்த்து ஓட்டுவது என்பாள்.

அலுவலகத்து முதலாளி ஒருநாள் அழைத்தார். படங்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, வீட்டுக் கணினி தாங்கவில்லை. தான் அனுப்பும் மாதிரிப் படத்தை அரை மணிக்குள் முடிக்கிற கணினி வீட்டில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் வருகிற திங்களிலிருந்து அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் பாதிச் சோற்றில் எழுந்து கணினியைப் பார்க்கப் போனேன்.

வீட்டுக் கணினியில் கணக்குப் போடும் மூளையாக இருந்தது எட்டுக் கோர் புரோசசர். தோட்டத்து ஆளாக நான் அதை இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். எட்டுக் கோர் என்றால் எட்டு ஆள். ஆனால் இந்த எட்டுப் பேருக்கும் இடுப்பில் பெரிய பை. தண்ணீர், அரிவாள், தீட்டுக்கல் எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு சாமானுக்காக ஸ்டோருக்கு நடக்க வேண்டியதில்லை. விளையாட்டுக்கு அதுதான் வேண்டும். ஸ்டீரிங்கை ஒடித்த கணமே ரோடு திரும்ப வேண்டும், ஆள் ஸ்டோருக்குப் போய் வரும்வரை வளைவு காத்திருக்காது. பதினாறு கோர் என்றால் பதினாறு ஆள். பை சின்னது. ஆனால் காட்டைப் பதினாறு நிரையாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால், மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு நிற்பார்கள். மகளுடைய படவேலை அப்படிப்பட்டது. கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு கட்டம். எது நல்ல புரோசசர் என்று கேட்டால் இதற்குப் பதிலே கிடையாது. கூட்டாளி சொல்வார்: “டயரு எத்தனைன்னு கேக்காதய்யா, ஏத்தம் எங்க இருக்குன்னு கேளு.”

பக்கத்து ஊர் செங்கில் கணினிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். பதினாறு கோர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “வச்சிப் பாருங்கண்ணே, சரியில்லன்னா கொண்டாந்துடுங்க லா” என்றார். என்னுடைய போர்டில் அதுவும் உட்காரும். ஆனால் பதினாறு ஆள் சேர்ந்து வேலை செய்தால் சூடு அதிகம், சூட்டை இழுத்து வெளியே விடுகிற பழைய கூலர் தாங்காது. அதனால் மேலே வைக்கிற கூலரையும் புதிதாகப் பெரியதாக எடுத்துக்கொண்டேன்.

வந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் சாமி மேடைக்குத்தான் போகும். நான் ஓட்டிய ஒவ்வொரு லோரியும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டியிருக்கிறது. அதனால் நானேதான் எல்லாவற்றையும் பிரித்து, கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் உரித்துவிட்டு, தட்டில் வைத்து மனைவியிடம் கொடுத்தேன். கற்பூரம் காட்டினோம். மகள் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் எட்டுக் கோரில் மாதிரிப் படத்தை ஓடவிட்டோம். ஐம்பது நிமிடம். பிறகு பதினாறை மாட்டினேன். புரோசசர் மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற வெள்ளைப் பசையைத் தடவி, கூலரை மேலிருந்து இறக்கி, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். மகள் பொத்தானை அமுக்கினாள். மூவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. இந்த வகைப் புரோசசர் தொண்ணூற்றைந்தில்தான் ஓடும், பயப்படாதே என்று நான் பார்த்த எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். நான் பயப்படவில்லை. அரை மணி தாண்டியது. மனைவி எழுந்து உள்ளே போனாள். நாற்பத்து நான்காவது நிமிடத்தில் படம் முடிந்தது.

“பரவாயில்லப்பா” என்றாள் மகள். அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வீடு அப்படியேதான் இருந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் அவள் முடிக்கிளிப் ஒன்று கிடந்தது. நான் எடுக்கவில்லை, மனைவியும் எடுக்கவில்லை, தூசி தட்டும்போது அதைச் சுற்றியே தட்டினாள். சனிக்கிழமை நாலு மணிக்கு விளையாட்டைப் போட்டு லோரியைக் கிளப்புவேன். பழக்கத்தில் கண் லோரியின் பக்கக் கண்ணாடிக்குப் போகும். பின்னால் ரோடு மட்டும் வரும். இரண்டு வாரமும் பாதி வழியிலேயே ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். நீ அங்கிருந்தே லேப்டாப்பில் வாயேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை முடிந்து களைத்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லையே என்று அவளும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பதினாறையும் கழற்றவில்லை. அது இருக்கும்வரை பேச்சு இன்னும் முடியவில்லை என்று ஒரு நினைப்பு. மூன்றாம் சனிக்கிழமை காலையில் கடைத் தம்பி அழைத்து, வேறொருவர் அதைக் கேட்கிறார், என்ன செய்யலாம் என்றார். சரி என்று கூலரின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். எளிதில் வரவில்லை. இலேசாகத் திருகித் தூக்கிப் புரட்டிப் பார்த்தால், வெள்ளைப் பசைக்கு நடுவே ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு மஞ்சள் வில்லை. அதன் நடுவில் சிவப்பு. வெந்து காய்ந்து, பலகை மாதிரி ஒட்டிக்கிடந்தது.

சந்தனமும் குங்குமமும்.

மனைவியைக் கூப்பிட்டேன். பார்த்தாள். புரிந்துகொண்டாள். அந்தத் தாளை உரித்ததும் அடிப்பக்கம் செம்பு, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்திருக்கிறது. செம்பைக் கண்டால் பொட்டு வைக்காமல் எந்தக் கை சும்மா இருக்கும்? பெட்டியின் மேல் வைப்பதைவிட உள்ளே இருக்கிற சாமானுக்கு வைத்தால்தான் பலிக்கும் என்று அழுத்தமாகவே வைத்திருக்கிறாள். நான் பூட்டுகிற அவசரத்தில் அடியைப் பார்க்கவில்லை. புரோசசருக்கும் கூலருக்கும் நடுவில் அது தடுப்பாக நின்றுவிட்டது. சூடு வெளியேற வழியில்லாமல் புரோசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தவழ்ந்திருக்கிறது.

“அவ இங்கேயே இருக்கணும்னுதாங்க வச்சேன்” என்றாள் மனைவி. முந்தானையால் கையைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

வைத்தவள் அவள், பார்க்காமல் மூடியவன் நான். துடைத்துவிட்டுப் புதுப் பசை தடவி மறுபடி பூட்டி, அதே மாதிரிப் படத்தை ஓடவிட்டேன். சூடு ஏறியது, நின்றது, இறங்கியது. இருபத்தாறு நிமிடம்.

பகல் முழுதும் இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று கிடந்தேன். பாதி வழி போன லோரிக்குப் போன் போட்டுத் திரும்பி வா என்று சொல்லாதே, ரெண்டு ஊரும் இல்லாமல் போகும் என்று கூட்டாளி சொல்வதுண்டு. ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. திரும்பி வருவாள் என்கிற ஆசைதான், மறைப்பானேன். முதலாளியிடம் மறுபடி கேட்டுப் பார்க்கச் சொல்லலாம், இருபத்தாறு நிமிடம் என்றால் அவர் ஒத்துக்கொள்வார். நாலு மணிக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, எல்லாம் எங்கள் தப்பு என்று நான் ஆரம்பித்தபோதுதான் அந்த நிம்மதிப் பேச்சைச் சொன்னாள்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்து வாசற்படியில் நின்றாள்.

“போகணும்னு இருந்துச்சிப்பா” என்றாள் மகள். “போய்ப் பாக்கணும்னு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மெஷினே சொல்லிடுச்சின்னு விட்டுட்டேன்.”

அங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது, ஆனால் சனிக்கிழமை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கணினியைப் பார்த்தேன்.

“அப்ப இந்தப் பதினாறை என்னம்மா பண்றது?”

“கடையிலேயே குடுத்துடுங்கப்பா. உங்க ரோட்டுக்கு அந்த எட்டுதான் சரி. இப்பவே மாட்டுங்க, நான் லைன்லயே இருக்கேன். கூலரோட அடியைப் பாருங்க.”

பதினாறைக் கழற்றினேன். எட்டை உட்கார வைத்தேன். பழைய கூலரின் அடியைப் புரட்டிப் பார்த்தேன், மனைவியும் குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூ முடுக்குகிற சத்தத்தை அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூடியைப் போட்டதும் மனைவி சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பெட்டிக்கு வெளியே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில், பொட்டு வைத்தாள். கணினி விழித்தது. விளையாட்டைப் போட்டேன். லோரி நிறுத்தும் முற்றத்தில் என் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. லேப்டாப்பில் மரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, பரவாயில்லை என்றாள்.

கிளம்பினோம். நான் முன்னால், அவள் பின்னால். ஊரைத் தாண்டியதும் ஒற்றை ரோடு. எதிரே யாரும் இல்லை. இடது சிக்னலைப் போட்டேன்.

அவள் முகப்பு விளக்கை இரண்டு தரம் அடித்தாள், வலது பக்கம் ஏறி என்னை முந்தினாள், என் வெளிச்சம் எட்டும் தூரத்தில் போய் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.