பின்சீட்டில் அரிசிச் சிப்பம்

எங்கள் அப்பாவுக்கு இயல்பாகவே இருப்புக் கொள்ளாது. அந்த வருஷம் அவரைப் பிடித்து ஆட்டியது பைக்கின் ஷாக் அப்சார்பர். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஸ்பேனரோடு குவார்ட்டர்ஸ் வாசலில் குந்திவிடுவார். பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு, கடலூரிலிருந்து கேஸ் ஷாக் வாங்கி வந்து மாட்டினார். முன் ஃபோர்க்கில் ஆயில் மாற்றினார். ஸ்பிரிங்கின் வளையத்தை இறுக்கி ஒரு ரவுண்டு போய் வருவார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி தளர்த்துவார்.

அம்மா வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியதிலிருந்து, அவளை அவர் பைக்கில் ஏற்றுவதேயில்லை. "வண்டி செட் ஆகட்டும்" என்பார். குறிஞ்சிப்பாடியில் இருந்த தாய்வீட்டுக்குக்கூட அம்மா பஸ்ஸில்தான் போனாள். மூன்று பேரும் ஒரே வண்டியில் போன காலம் திரும்பாதா என்று நான் தவியாய்த் தவித்தேன்.

பின்னால் ஆள் உட்காராமல் ஸ்பிரிங்கைச் சரியாக வைக்க முடியாதாம். அம்மாவை உட்காரவைக்கப் பயந்துகொண்டு, அப்பா இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்கள் இரண்டைப் பின்சீட்டில் வைத்துக் கட்டினார். கிட்டத்தட்ட அம்மா எடை. மனிதர்களைவிட வேகத்தடைகள் அதிகமுள்ள எங்கள் டவுன்ஷிப்பில் அவற்றை ஊர்வலம் விட்டார். பிளாக்கே வேடிக்கை பார்த்தது.

அம்மாவைப் பார்க்க வந்திருந்த அவள் தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னா மாமா, அக்காவ வூட்ல வுட்டுட்டு அரிசிய ஏத்திகினு சுத்தறீங்க?"

அப்பா சிரிக்கவில்லை. "இன்னும் செட் ஆகல."

அன்று சாயங்காலம் அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அந்தச் சிப்பத்த எறக்குங்க. நான் உக்காந்துக்கறேன்."

அப்பா சிப்பங்களை இறக்கினார். அவர் மனசு மாறுவதற்குள் நான் டேங்க் மேல் தாவி ஏறினேன். நடந்து போகிறவர்கள் எங்களை முந்தும் வேகத்தில் அப்பா ஓட்டினார். அப்படியும் பள்ளிக்கூடத் திருப்பத்து வேகத்தடையில் தடாலென்று ஒரு குலுக்கல். என் நாக்கு கடிபட்டது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தூக்கிப் போட்டுச்சா?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள் அம்மா.

"பொய்" என்று நான் ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து என் வாயைப் பொத்தியது. அப்பாவின் இடுப்பைச் சுற்றித்தான் அது வரவேண்டியிருந்தது. என் வாயை விட்ட பிறகும் வீடு வரும்வரை அந்தக் கை அவர் இடுப்பிலேயே இருந்தது.

மறுநாள் ஸ்பேனர் பரணுக்குப் போயிற்று.

வயிற்றுவலி என்று எனக்குச் சொல்லப்பட்டது, பிறக்காமலே போன ஒரு தம்பியோ தங்கையோ என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள், ஷிப்டுக்கு நேரமாகிறதென்று, அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அதே வேகத்தடையில் வேகமாக ஏற்றி இறக்கியதை அப்பாவால் மறக்க முடியவில்லை.

அந்த வயதில் எனக்குப் புரிந்ததெல்லாம், கடலூர்க் கடைக்காரன் அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டான், அம்மாவுக்கு அதுகூடத் தெரியவில்லை என்பதுதான். கடிபட்ட நாக்கை நீட்டிக் காட்டி, அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.