கோணல் கழுத்துத் தட்டப்பயிறு

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்துக்கு நான் ஆயாவாக மாறிய புதிது. பிங்கி என்ற ஒடிசாக் குழந்தை வாய் ஓயாமல் அழும். அவள் அம்மா ஓவர்லாக் டெய்லர். அழுகை கேட்டால் மெஷினை விட்டு ஓடி வருவாள், தையல் லைன் முழுக்க நின்றுவிடும். ஒருநாள் சூப்பர்வைசர் என்னிடமே வந்தார்.

"ஏனுங்க, இந்த வாரத்துக்குள்ள புள்ள அழுகைய நிறுத்தோணும். இல்லீன்னா அந்தம்மாவ வேலைய விட்டு நிறுத்தீருவாங்க."

எனக்கு எரிச்சல். சுவிட்சைத் தட்டினால் நிற்க அது என்ன மெஷினா? தமிழும் தெரியாத பிள்ளை. சரி, கையை மண்ணிலாவது வைக்கட்டும் என்று காம்பவுண்டு ஓரம் கொத்தி, ஆளுக்கொரு தட்டப்பயிறு ஊன்றச் சொன்னேன். கவின் என்ற பையனின் அம்மா, தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் செக்‌ஷன். அவன் விதையையே "பாஸ், பாஸ், டேமேஜ்" என்று பிரித்துத்தான் எடுத்தான். பிங்கி தண்ணீர் விடும் நேரம் மட்டும் அழவில்லை.

முளை வந்த அன்று ஒரே அமர்க்களம். எல்லாம் கழுத்தை மடக்கிக் குனிந்து நின்றன. கவின் ஒன்றைப் பிடுங்கி நீட்டினான்.

"ஆயம்மா, கோணலா இருக்குதுங்க. டேமேஜ் பீஸு!"

அவ்வளவுதான், மற்ற பிள்ளைகளும் பிடுங்க ஆரம்பித்துவிட்டன. பிங்கி மட்டும் தன் முளையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அட, விடுங்க கண்ணு. நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். நிமிருமா என்று எனக்கே தெரியாது. மண்ணரை ஊரில் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். பயிறைக் கடையில்தான் பார்த்திருக்கிறேன். ஆயா ஆகும்வரை நானும் செக்கிங் டேபிளில் இருந்தவள். கோணல் கண்ணில் பட்டால் கை தானாக டேமேஜ் ஸ்டிக்கரைத் தேடும்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் பிங்கிதான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். முளை நிமிர்ந்து, இரண்டு இலையை விரித்திருந்தது. கவின் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இத யாருங்க ஆல்ட்டர் பண்ணுனது?"

"யாருமில்ல கண்ணு. அதுவாத்தான் நிமிந்துக்குச்சு."

"பாஸ்!" என்று கத்தினாள் பிங்கி. காப்பகத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. அவள் அம்மா அழுதுவிட்டாள், நானும்தான். அன்று லைன் நிற்கவில்லை.

தோட்டத்தில் பிள்ளைகள் என்ன கற்கும் என்று புதிதாக வரும் ஆயாக்கள் கேட்பார்கள். நான் கவினைத்தான் சொல்வேன். அவன் அதன்பிறகு எதையும் பிடுங்குமுன் "நாளைக்குப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்பான். அடுத்த மாதம் இன்னொரு அழுமூஞ்சி வந்து சேர்ந்தது. சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

நான் சொன்னேன், "நாளைக்குப் பார்க்கலாமுங்க சார்."