சிலையின் கன்னத்தில் ஒரு புள்ளி

அந்த ஆர்டர் வந்தபோது, படத்தில் இருப்பது என்னவென்று தெரிந்தவள் எங்கள் பனியன் கம்பெனியிலேயே நான் ஒருத்திதான். வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் கடைக்கான வெள்ளை டி-ஷர்ட். நெஞ்சில் மணல் நிறத்தில் ஒரு சுமேரியக் கற்சிலை: பாவாடை போன்ற உடை, மார்போடு கோத்த கைகள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள். பி.ஏ. வரலாற்றில் படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தரக் கட்டுப்பாட்டில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. அம்மா அதே கம்பெனியில், தைத்து வரும் பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங்கில் நின்றாள்.

செக்கிங் பெண்கள் படத்தைச் சாமி என்று நினைத்து, பீஸ்களைத் தரையில் போடத் தயங்கினார்கள். நான் போய் விளக்கினேன்.

"இது சாமி இல்லக்கா, சாமி கும்பிடுற ஆளு. எந்நேரமும் கோயில்ல நிக்க முடியாதவங்க, தங்களுக்குப் பதிலா இப்படி ஒரு கல்லை நிறுத்திட்டுப் போவாங்க."

"நம்ம டேபிளுக்கும் ஒண்ணு சொல்லு கண்ணு. அதை நிறுத்திப்போட்டு நாம ஊட்டுக்குப் போலாம்" என்றார் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, பிரிண்டிங்கில் கறுப்பு மைக்கான ஸ்கிரீனில் ஓட்டை விழுந்து, சிலையின் ஒரு கன்னத்தில் மிளகளவு கறுப்புப் புள்ளி வந்துவிட்டது. மற்ற மேசைகளில் அதைக் கண்டுபிடித்து, குறை ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட்டார்கள். அம்மாவின் மேசையிலிருந்து ஒரு பண்டல் முழுக்க அப்படியே பேக்கிங்குக்குப் போயிருந்தது. மேனேஜர் ஒரு பீஸை அவள் முன்னால் விரித்தார்.

"ஏனுங்கம்மா, இத்தனை பெரிய புள்ளி கண்ணுக்குத் தெரியலீங்களா?"

அம்மா ஒரு கணம்தான் தயங்கினாள். "எங்க ஊர்ல பிள்ளையளுக்கு வைப்போம்லா சார், திருஷ்டிப் பொட்டு. அதுன்னு நெனச்சுட்டேன்."

ஹாலே சிரித்தது. "ஏனுங்கக்கா, மையும் நீங்களே வெச்சு உட்டீங்களா?" என்று ஒரு குரல். மேனேஜரும் சிரித்துவிட்டார். "புள்ளைய இத்தனை படிக்க வெச்சிருக்கீங்க, அதுகிட்டக் கொஞ்சம் கேட்டுக்கப்படாதுங்களா?" என்றபடி பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு முகம் எரிந்தது. அவ்வளவு விளக்கியும் என் அம்மாதானா இப்படிச் சொல்ல வேண்டும்?

"ஏம்மா என் மானத்த வாங்குற?" என்றேன் அடிக்குரலில்.

அம்மா சட்டையை வாங்கி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். அவள் விரல் சிலையின் முகத்தில் மெல்ல நகர்ந்து, புள்ளி இல்லாத கன்னத்தில் நின்றது.

"இங்கதான?"

சட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளே விரலை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுந் தெரியாதவன்னு சிரிச்சா சிரிக்கட்டும். கண்ணு தெரியலன்னா அப்பமே அனுப்பிருவாங்க. கண்ணாடிக்கு அடங்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நீ யார்ட்டயும் சொல்லிராதட்டி."

அன்றைய ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். பிறகு சாப்பாட்டு நேரங்களில், அவள் முடித்த பண்டல்களை யாருக்கும் தெரியாமல் பிரித்துப் பார்த்தேன். பாதிகூடப் பார்த்து முடிக்க முடிந்ததில்லை.

திங்கட்கிழமை அடுத்த ஆர்டர் மேசைகளுக்கு வந்தது. கறுப்புத் துணி, கறுப்பு நூல். அம்மா முதல் பீஸை முகத்தருகே கொண்டுபோனாள். உடனே சுதாரித்து, பக்கத்து மேசைக்காரியைப் போலவே, ஒரு கை தூரத்தில் விரித்துப் பிடித்தாள்.