புகை எழாத கூரைகளைப் பார்த்தவர்

பேளுக்குறிச்சிச் சந்தையில், மலையிலிருந்து கொண்டுவந்த மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த சடையன்தான் எனக்குச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குச் சேதி வந்துச்சுங்களா? நம்ம நல்லம்மாக்கா போயிட்டாங்க. போன சந்தைக்கு அடுத்த நாளு. காலையில ஊட்டுல பொகை வரலீங்க. பாறையில நின்ன புள்ளைங்கதான் பாத்துட்டு ஓடுனாங்க. அப்ப உசுரு இருந்துச்சு. புள்ளைங்க கையில தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. உச்சிப் பொழுதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

சந்தை இரைந்துகொண்டிருந்தது. என் கூடையில் புளி மட்டும் வாங்கியிருந்தேன். சுற்றிப் பார்த்தேன். அத்தனை கூட்டத்தில் நல்லம்மாக்காவைத் தெரிந்தவர் சடையனைத் தவிர ஒருவரும் இல்லை. சடையனுக்கோ இருட்டுவதற்குள் மிளகை விற்றுவிட்டு மலையேற வேண்டும். துக்கத்தைச் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். மலைமேல் குண்டனி நாட்டில் அவருடைய பாறையின் மேல் நின்று வளர்ந்து, இன்று சேலத்திலும் தோட்டங்களிலும் பட்டாளத்திலும் சிதறிக் கிடக்கிற பிள்ளைகளே, இது உங்களுக்கு. உங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள்.

நான் மலையில் பிறந்தவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் உப்பும் புகையிலையும் துணியும் கொண்டுபோய் மலையில் கடை வைத்தார். காரவள்ளியிலிருந்து கால்நடையாக ஏறி, கைக்குழந்தையாக இருந்த மகள் தெய்வானையோடு அங்கே குடி போனேன். கடைக்கணக்கு என் கையில் இருந்தது. சாமான் கட்டி வந்த காகிதங்களைப் படித்துப் படித்து எழுத்துக் கூட்டியவள் நான். தெய்வானைக்கு முன்னால் பிறந்தவை எனக்குத் தங்கவில்லை. அறப்பளீசுவரர் சந்நிதியில் மடியேந்தி வாங்கிய பிள்ளை அவள். அவளைக் கடையின் பலகைக்கு வெளியே விட மாட்டேன்.

அங்கே போன முதல் மழைக்காலத்தில், விடியற்காலையில் கடைக்குப் பின்னாலிருந்த பாறையில் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்தேன். நடுவில் கஞ்சிப்பானையோடு ஒரு பெண் நின்றார். அவர்தான் நல்லம்மாக்கா. மழை விட்டதும் மலையில் காய்ச்சல் வரும். ஒரு வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் அடுப்பு மூட்ட ஆள் இராது. அங்கே எல்லாம் புல் வேய்ந்த வீடுகள். அடுப்பு எரிந்தால் கூரை முழுவதும் கசிந்து புகை எழும். எந்தக் கூரையில் எழவில்லையோ அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் இரண்டு பேராக ஓடுவார்கள். ஒருவர் கையில் சாமைக்கஞ்சி இருக்கும். இன்னொருவர் மூடிய சட்டியில் நெருப்பு எடுத்துப் போவார்.

பெரியவர்கள் போகக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"பெரியவங்க போனா, என்ன வேணும்னு கேப்பாங்க. அவுங்களும் ஒண்ணும் வேண்டாங்கன்னு சொல்லிருவாங்க. புள்ளைங்க கேக்காதுங்க. நேரா அடுப்பத்தான் பாக்கும்" என்றார் நல்லம்மாக்கா.

போய்விட்டு வந்த பிள்ளைகளிடம் அவர் ஒன்று கேட்பார்: "போன ஊட்டுல புதுசா என்ன பாத்தே?" வெறும் வாயோடு வரக்கூடாது. ஒரு சிறுமி, அந்த வீட்டு நாய்க்கு ஒரு காது இல்லை என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் இல்லையாம்?"

"கேக்கலீங்க."

"அப்பப் பாதிதான் பாத்திருக்கறே. நாளைக்குப் போயி மீதியையும் பாத்துட்டு வா சாமி."

மறுநாள் அவள் கதையோடு வந்தாள். சிறுத்தை கவ்விய நாயை அந்த வீட்டுக்காரர் அரிவாளோடு துரத்திப் போய் மீட்ட கதை. அதைச் சொல்வதற்காகப் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தவர், சொன்ன களைப்பில் கஞ்சியையும் குடித்துவிட்டாராம். அதற்கு முந்தின நாள் வரை ஒரு வாய் இறங்காமல் கிடந்தவர் அவர்.

நல்லம்மாக்காவுக்குப் பிள்ளை இல்லை. கஞ்சி கொண்டுபோன தன் மகன் மழையில் நனைந்து வந்தான் என்று ஒருத்தி தண்ணீர்த்துறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "பெத்திருந்தாத் தெரியும். பெறாதவளுக்கு என்ன?" குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "நெசந்தான் கண்ணு. பெத்தவளுக்கு ஒரு ஊட்டு அடுப்பு தெரியும். எனக்கு ஊரு அடுப்பெல்லாந் தெரியும். உன்றதுல நேத்து சோறு தீஞ்சு போச்சல்ல?" கேட்டவளே சிரித்துவிட்டாள். அவர் மட்டும் குடத்தை வழியில் ஓரிடத்தில் இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் நின்றதை, பின்னால் வந்த நான் பார்த்தேன். நானும் குடத்தை இறக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அன்று முதல் எனக்கு அவர் அக்கா.

கொஞ்சம் வளர்ந்து, கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு பாறையையே பார்த்து நிற்கும் தெய்வானையை அவர்தான் வெளியே கூப்பிட்டார். "ஏனுங்க கடைக்காரம்மா, புள்ளைய உப்பு மூட்டையாட்ட வெச்சிருக்கறீங்க. நனைஞ்சாக் கரைஞ்சா போயிரும்?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அனுப்பினேன். அவளும் பெரியம்மா, பெரியம்மா என்று அவர் பின்னாலேயே திரிந்தாள். சாயங்காலம் வந்து எந்த வீட்டில் எத்தனை கோழி, யாருக்கு எந்தப் பக்கம் பல் இல்லை என்றெல்லாம் எனக்குச் சொல்வாள். கடைக்கு வருகிற கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், அவள் வாய்வழியாகத்தான் அந்த ஊருக்குள் போனேன்.

அடுத்துச் சொல்லப்போவது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கார்த்திகை மாதக் காலை. மலையெங்கும் மூடுபனியாக மஞ்சு இறங்கியிருந்தது. பாறையில் நின்று பார்த்துச் சொல்லும் முறை அன்று தெய்வானையுடையது. எல்லாக் கூரையிலும் வெள்ளையாக எழுவதைப் பார்த்து, "எல்லா ஊட்டுலயும் பொகை வருது பெரியம்மா" என்றாள். எல்லோரும் கலைந்து போனார்கள். சரிவில் கடைசியாக இருந்த வீட்டில் எழுந்தது புகை இல்லை, மஞ்சு. அந்த வீட்டுக்காரர் சந்தைக்கு இறங்கியிருந்தார். அவர் மனைவி பாப்பாயி கைக்குழந்தையோடு காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். விறகுக்குப் போனவர்கள் குழந்தை அழுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று இரவே பாப்பாயி போய்விட்டார். காலையிலேயே பிள்ளைகள் அங்கே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது ஈசுவரனுக்குத்தான் தெரியும்.

தெய்வானை சாப்பிடவில்லை. பாப்பாயியை அடக்கம் செய்த மறுநாள் காலை நல்லம்மாக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"தெய்வானை எங்கீங்க?"

"அவ வர மாட்டா அக்கா. இனிமே வேண்டாம்."

"சரீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அவர் கொண்டுவந்த கஞ்சிப்பானையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "புள்ளைய ஊட்டுக்குள்ள வெச்சுக்கலாங்க. அந்த மஞ்சு அதும் கண்ணுக்குள்ள நிக்குதே, அதை எப்பிடிங்க வெளிய தள்ளுவீங்க?"

உள்ளேயிருந்து தெய்வானையின் குரல் வந்தது. "பெரியம்மா, என்னாலதான் அவுங்க செத்தாங்களா?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் கை காட்டி என்னை நிறுத்தினார்.

"தெரியலை கண்ணு. நீ பாத்தது மஞ்சுன்னு உனக்குத் தெரியலை. உன் பக்கத்துலயே நின்ன எனக்குந் தெரியலை. இனிமே ரண்டு பேருக்குந் தெரியோணும். மஞ்சு மூடுன நாள்ல கண்ணை நம்பக் கூடாது சாமி, காலை நம்போணும். ஊட்டுக்கு ஊடு நடந்து போயி, அடுப்படிச் செவுத்துல கைய வெச்சுப் பாக்கோணும். அடுப்பு எரியற ஊட்டுச் செவுரு வெதுவெதுன்னு இருக்கும்."

தெய்வானை வெளியே வந்தாள். முகம் கழுவவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டாள். நிலைப்படியில் நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முருகா என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். இரண்டு பேரும் மஞ்சுக்குள் போனார்கள். முதலில் அந்தத் தாயில்லாப் பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று தொட்டு மஞ்சு மூடிய நாளில் சுவரைத் தொட்டுப் பார்ப்பது உங்களுக்கெல்லாம் வழக்கமாயிற்று.

அப்படி வளர்ந்த தெய்வானை சேலத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குப் படிக்கப் போனாள். சண்டைக்காலத்தில் அங்கிருந்தும் தூரதேசம் அனுப்பினார்கள். சண்டை முடிந்தும் அங்கே ஆள் போதவில்லை என்று எழுதுகிறாள். அவள் போனதை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் காலமானபின் கடையை மூடிவிட்டு இந்தப் பேளுக்குறிச்சிக்கு இறங்கி வந்தேன்.

இறங்கிய அன்று நல்லம்மாக்கா பாதி வழி வரை கூட வந்தார். காரவள்ளி தெரிகிற திருப்பத்தில் உட்கார்ந்தோம். மனசில் இருந்ததைக் கேட்டேன்: "அக்கா, ஊரைப் பாக்கறதுக்குத்தான் சொல்லிக் குடுத்தீங்க. என்னைப் பாக்க அவ வரலையே."

"ஆமாங்க. ஊருக்குன்னு வளத்தா ஊரு எடுத்துக்கும். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லீங்க" என்றார். எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டபோது இன்னொன்றும் சொன்னார். "ஆனா நீங்களும் ஊருதானுங்களே." ஊர் என்னைப் பார்க்கும் என்று ஆறுதல் சொன்னதாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

சந்தையிலிருந்து வந்த அன்று தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அவர் எனக்கு உறவில்லை, தீட்டில்லை என்பார்கள். ஆனாலும் விளக்கை மட்டும் ஏற்றினேன், அடுப்பை மூட்டவில்லை. மறுநாளும் மூட்ட மனம் வரவில்லை. யாரும் வரவில்லை. வாசலில் ஒரு காலடிச் சத்தம் கேட்காதா என்று இந்த வயதில் காது கொடுத்துக் கிடந்தேன். தெருவில் உள்ளவர்கள் மேல் குறையில்லை. இங்கே ஓட்டு வீடுகள், கூரையில் புகை தெரியாது. ஏறி நின்று பார்க்க அவர்களுக்குப் பாறையும் இல்லை.

அதற்கடுத்த காலையில், அவர் சொன்ன கடைசி வார்த்தை என்னை எழுப்பியது. நானும் ஊர் என்றால், பார்க்க வேண்டியவள் நானும்தான். தெருவில் இறங்கி நடந்தேன். வீடு வீடாக அடுப்படிச் சுவரில் கை வைத்தேன். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. தனியாக இருக்கிற ஒரு கிழவரின் கோடி வீட்டுச் சுவர் மட்டும் சில்லென்று இருந்தது. திரும்பி வந்து என் அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தேன். பானையோடு போகும்போது பக்கத்து வீட்டுச் சிறுமி பாதி பின்னிய சடையோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏனுங்க அம்மாயி, அந்தச் செவுத்தை எதுக்குங்க தொட்டுப் பாத்தீங்க?"

"நீ உள்ள போயி என்ன இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு."

போனாள். கதவிடுக்கிலேயே தலையை நீட்டிச் சொன்னாள்: "அப்புச்சி போத்திட்டுப் படுத்திருக்குதுங்க. அடுப்புல பூனை தூங்குது. பூனைக்குச் சுடாதுங்களா?"

நல்லம்மாக்கா பிள்ளைகளுக்கு விட்டுப் போனதை நீங்கள் அறிவீர்கள். எனக்கென்று அவர் விட்டுப் போனது, குளிர்ந்த சுவரைத் தெரிந்துகொள்கிற ஓர் உள்ளங்கை. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.