கருப்பையாவின் கோணல் துப்பாக்கி

கருப்பையா புதுத் துப்பாக்கிக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருக்கிறார். கட்டையில் ஒரு பொட்டு, குழலில் ஒரு பொட்டு. விசைக்குக் கீழே எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, எட்ட நின்று பார்க்கிறார். திருப்தி இல்லை. பழத்தை இரண்டு விரல்கடை நகர்த்துகிறார். "மாப்பிள்ளைய அனுப்புற மாதிரில்ல அனுப்பணும்," என்கிறார்.

பயப்பட வேண்டாம், இது பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கி. பர்மாவில், போட்டாதாங் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் இவர், யாங்கோனைச் சுற்றி எங்கே திருவிழா என்றாலும் பலூன் பலகையோடு போய் இறங்கிவிடுவார். காக்கிச் சட்டை, பச்சைக் கைலி, முறுக்கிய மீசை என்று வேட்டைக்காரர் தோரணைக்கு மட்டும் குறைவிருக்காது. நிஜத்தில் கரப்பான்பூச்சியைக் கண்டால் மனைவி கனகாம்பாளைத்தான் கூப்பிடுவார்.

துப்பாக்கி அலங்காரத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆகும். தோளில் குத்தக் கூடாதென்று அடிக்கட்டையில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுவார். கனகாம்பாளின் பழைய கைப்பையிலிருந்து பட்டையை உருவி, மாட்டிக்கொள்ள வார் தைப்பார். குழலின் பக்கவாட்டில் ஒரு தொலைநோக்கி வேறு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன், ஒரே இருட்டு. "டார்ச்லைட்டு கூடு தம்பி," என்றார் கூச்சமே இல்லாமல். "பாத்தா ஜோரா இருக்குல்ல?"

கடைசி வேலைதான் முக்கியம். எல்லோரும் புதுத் துப்பாக்கியை நேராகச் சுட வைக்கப் படாத பாடு படுவார்கள். இவர் படும் பாடெல்லாம் அது நேராகச் சுட்டுவிடக் கூடாதே என்றுதான். குழல் முனையில் குறி பார்க்க நிற்கும் முள்ளைக் குறட்டால் பிடித்து, வலப்பக்கம் ஒரு நெல்லளவு சாய்ப்பார். குண்டு இடப்பக்கம் போய்விடும். போன வருஷம் நான் சுட்ட பத்துக் குண்டும் ஏன் வெறும் பலகையில் பட்டன என்று அப்போதுதான் புரிந்தது. எரிச்சலாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

எல்லாம் அந்தக் கரடிக்காக. பத்துக்குப் பத்து அடித்தால் பரிசு என்று கடை முகப்பில் கம்பி போட்டுக் கட்டிய ஆளுயரக் கரடி பொம்மை, மூன்று வருஷமாகத் தொங்குகிறது. "அது போச்சுன்னா கூட்டம் போச்சு. அப்புறம் நீங்களே தொங்க வேண்டியதுதான்," என்பது கனகாம்பாளின் தீர்ப்பு. யாராவது எட்டைத் தாண்டினால் அந்த அம்மாள் இருமுவார். கருப்பையா குண்டு போடும் சாக்கில் திரும்பி நின்று முள்ளை இன்னும் கொஞ்சம் வளைப்பார்.

மாவ்பி திருவிழாவில் ஞாயிறு மத்தியானம் புதுத் துப்பாக்கி அரங்கேறியது. லைங் தாயா ஆடை ஆலையில் தைக்கும் அம்சவேணி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சோடு வந்து, முதல் சுற்றில் பத்தையும் கோட்டைவிட்டாள்.

"இன்னொரு வாட்டி, ஊலே," என்று பர்மிய மொழியில் மாமா முறை சொல்லிக் கேட்டாள். "அந்தக் கரடி வேணும். எங்க ரூம்ல ஆறு பேரு, தலகாணி மூணுதான்."

இரண்டாவது சுற்றில் பலூன்கள் வரிசையாக வெடித்தன. ஒன்பது. கனகாம்பாள் இருமினார்.

"எப்படிம்மா?" என்றார் கருப்பையா.

"எங்க மிஷினும் இப்படித்தான் ஊலே, எடப்பக்கமா இழுக்கும். சொன்னா மாத்தித் தரமாட்டாங்க. நாங்களே துணிய வலப்பக்கமா புடிச்சுத் தைப்போம், நேரா வந்துரும்."

கனகாம்பாள் மறுபடியும் இருமினார், கடைவரிசையே திரும்பிப் பார்க்கும்படி. கருப்பையா திரும்பி நின்று பத்தாவது குண்டைப் போட்டார். இடுப்பிலிருந்து குறட்டை உருவினார்.

முள்ளைத் தொடாமல் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தார். அவள் குறி பார்ப்பதற்குள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கரடியின் கம்பியைக் குறட்டால் அவிழ்க்கத் தொடங்கினார்.