சரியாக இருந்தால் ஒதுக்கல்

பெரிது, சிறிது என்று குறி போடும் அசமன்பாட்டுக் கணக்கை நடத்துவதைப் போல வாய் வலிக்கிற தொழில் வேறு கிடையாது. சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எழுபதுகளில் மில்லர்புரத்து டுடோரியல் ஒன்றில், கணக்கில் தவறிய பெரியவர்களுக்கு மத்தியானத்தில் பாடம் எடுத்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

குறி திரும்பும் இடம்

மைனஸ் எண்ணால் வகுத்தால் குறி திரும்பும் என்று மூன்று நாள் சொன்னேன். ஒருவருக்கும் ஏறவில்லை. மைனஸ் ஐந்து பெரிதா, மைனஸ் ஒன்பது பெரிதா என்று கேட்டால், ஒன்பதுதான் என்று வகுப்பே சொல்லிற்று.

அந்தோணி மட்டும் யோசித்தார். சங்கு குளித்தவர். ஆழத்தில் காது வெடித்து, இனி மூழ்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வேறு ஏதாவது வேலைக்காகப் படிக்க எங்களிடம் வந்திருந்தார். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். கடலாழத்தைப் பாகக் கணக்கில் அளந்து பழகியவர் எழுந்து சொன்னார்: "தண்ணிக்குள்ள பாகம் கூடக் கூட நாம கீழதான போவோம், டீச்சர்."

வெறும் வட்டம்

அவ்வளவு புரிந்த மனிதர், 2x + 3 ≤ 11 என்று கொடுத்தால் x < 4 என்றே எழுதுவார். குறிக்குக் கீழே ஒரு கோடு போட்டால் 'சமமாகவும் இருக்கலாம்' என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் போடவே மாட்டார். எண்கோட்டில் நாலின் மேல் நிரப்பாத வட்டம். ஒவ்வொரு தடவையும் ஒரு மார்க் வெட்டினேன். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், நாலு உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது என்று கேட்டே விட்டேன்.

சங்குக் கொட்டகையில் ஒரு இரும்பு வளையம் உண்டாம். அதில் விழுகிற சங்கு சின்னது, கடலுக்கே திரும்பிவிடும். மாட்டி நின்றால்தான் எடுப்பார்கள். வளையத்தின் அளவே இருக்கிற சங்கும் நழுவி விழுந்துவிடுமாம். "சரியா இருந்தா ஒதுக்கல்தான், டீச்சர். கணக்குல சேக்க மாட்டாவ."

மேற்படாமல்

வார்த்தையைக் குறியாக மாற்றப் பழக்குவதற்கு, பேப்பரில் வந்த துறைமுக வேலை விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுபோனேன். துறைமுக மோட்டார் லாஞ்சில் கடலோடி வேலை; மூழ்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் முதல் தேதியன்று வயது முப்பதுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். போர்டில் x ≤ 30 என்று எழுதி, முப்பதின் மேல் வட்டத்தை நிரப்பினேன்.

அந்தோணி எழுதுவதை நிறுத்திவிட்டார். கீழ்க்கோடு நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டார். அந்த முதல் தேதியில்தான் அவருக்கு முப்பது முடிகிறது. இதே வேலைக்கு, வயதைக் காட்ட ஞானஸ்நானச் சீட்டோடு எல்லாம் தயாராக்கி, அப்புறம் வயதைப் பார்த்து விட்டுவிட்டாராம். மனைவி அழுதிருக்கிறாள். "ஃபாரம் பெட்டிக்குள்ளதான் கெடக்கு, டீச்சர். என்னைய நானே ஒதுக்கிட்டேன்."

இருபதாம் தேதிக்குள்

விளம்பரத்தின் கடைசி வரியைப் பார்த்தேன். விண்ணப்பம் இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். அன்றைக்கே இருபது. 'குள்' என்றால் அதற்கு முன்னால்தானே, போச்சே, நேற்றோடு முடிந்துவிட்டதே என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தோணி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, இதற்கும் கீழ்க்கோடு உண்டுதானே என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மணி மூன்றரை. ஆபீஸ் ஐந்துக்கு மூடிவிடும். போங்க, போங்க என்று விரட்டினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அங்கிருந்து துறைமுகத்துக்குப் பறந்திருக்கிறார்.

மறுநாள் வந்தார். மூன்று மாதம் கழித்து அந்த லாஞ்சிலேயே வேலைக்கும் சேர்ந்தார். ஆனால் அந்த மறுநாளில் அவர் கண் கலங்கச் சொன்னது வேலையைப் பற்றி அல்ல. ஆபீஸ் கிளார்க் வயதைப் பார்த்தாராம், தேதியைப் பார்த்தாராம், முத்திரை குத்தினாராம். குத்திவிட்டுச் சொன்னதை எனக்கு அப்படியே சொல்லிக்காட்டினார்: "எல்லாம் சரியா இருக்கு. வச்சிட்டுப் போம்."

அந்தக் கோட்டை விட்டதற்காக அவருக்கு நான் வெட்டிய மார்க்குகள் நோட்டில் இருக்கின்றன; இருபதாம் தேதியன்று நான் விட்ட கோட்டுக்கு யார் வெட்டுவது என்றுதான் தெரியவில்லை.